முதலையின் பக்கம் நின்று சொல்ல வேண்டிய கதை

குரங்கும் முதலையும் கதையை வகுப்பில் சொல்லும்போது, குரங்கின் சமயோசிதத்தைப் பாராட்டிவிட்டு, ஆபத்தில் அறிவை இழக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவதே பொதுவான வழக்கம். பென்னாகரம் பக்கத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு அந்த அவசரத்தில் உடன்பாடில்லை. பஞ்சதந்திரத்தின் ஐந்து பகுதிகளுள் நான்காவது பகுதி இந்தக் கதையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குக் கிடைத்ததைத் தவறவிடுவது பற்றிய பகுதி அது. குரங்கு எதையும் தவறவிடவில்லை, உயிரோடு மரமேறிவிட்டது. நாள்தோறும் நாவற்பழம் உதிர்த்துப் போட்ட நண்பனைத் தவறவிட்டது முதலைதான். ஆகவே இது முதலையின் கதை என்றே நான் நினைக்கிறேன், அப்படியே சொல்லியும் வருகிறேன்.

எங்கள் குழந்தைகளுக்கு முதலை வெறும் படத்தில் பார்த்த விலங்கு அன்று. ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைப் பண்ணையைப் பார்த்தவர்களும், பரிசல் ஓட்டுபவர்களின் வீட்டிலிருந்து வருபவர்களும் வகுப்பில் இருக்கிறார்கள். முதலை ஏன் வாயைப் பிளந்தபடியே வெயில் காய்கிறது என்று கேட்டார்கள். அதற்கு வியர்ப்பதில்லை, உடம்புச் சூட்டை வாய் வழியாகத் தணித்துக்கொள்கிறது என்று சொன்னேன். இப்படி உண்மையான முதலையைப் பற்றிச் சிறிது பேசிவிட்டு ஆரம்பித்தால், கதையின் முதலை மீது குழந்தைகளுக்கு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது.

தினமும் இவ்வளவு இனிப்பான பழத்தைத் தின்பவனின் இதயம் எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று முதலையின் மனைவி கேட்கும் இடத்தைச் சிலர் மென்மையாக்கி, வேறு ஏதோ பழம் கேட்டதாக மாற்றிவிடுகிறார்கள். அது தேவையில்லை, குழந்தைகள் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் பழியெல்லாம் மனைவியின் தலையில் விழும்படி பழைய நூல் பெண்களைப் பற்றி நீட்டிச் சொல்லும் பகுதியை நான் சொல்வதில்லை. கேட்டது அவளாக இருக்கலாம், முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது அவன் அல்லவா?

நடு ஆற்றில் கதையை நிறுத்திவிடுவேன். உன்னைக் கொல்லத்தான் அழைத்து வந்தேன் என்று முதலை தானாகவே சொல்லிவிடுகிறதே, ஏன் சொன்னது?

“கூட்டாளிகிட்ட பொய் சொல்ல அதுக்கு மனசு வரல டீச்சர்” என்றாள் ஒருத்தி. “இல்ல டீச்சர், தண்ணியில குரங்கால எங்கயும் ஓட முடியாதுன்னு தைரியம்” என்றான் அவளுக்குப் பின்னால் இருந்தவன். நூலில் இருப்பது இந்தச் சிறுவன் சொன்ன காரணம்தான். ஆனாலும் அந்தச் சிறுமியின் விடையைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது; மூன்றாம் வகுப்பில் வாய் திறக்கவே தயங்கும் பிள்ளைகள்கூட அன்று முழு வாக்கியங்களில் பேசினார்கள்.

புத்த ஜாதகக் கதைகளிலும் இதே குரங்கு வருகிறது. கங்கைக் கரையில் வாழும் அந்தக் குரங்கு போதிசத்துவர், அதாவது முற்பிறவியில் புத்தர். மாமரங்கள் நிறைந்த அக்கரைக்கு அழைத்துப் போவதாக முதலை ஆசை காட்டுகிறது. குரங்கு தன் இதயம் அத்தி மரத்தில் தொங்குவதாகச் சொல்லித் தப்பிக்கிறது. அங்கே இருவருக்கும் இடையில் நட்பு இல்லை. எனவே ஏமாற்று மட்டுமே இருக்கிறது, துரோகம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி எது அதிகமாக வலித்தது என்று கேட்டபோது, பெரும்பாலான கைகள் நாவல் மரக் கதைக்கே உயர்ந்தன.

கரையேறிய குரங்கை முதலை மறுபடியும் அழைக்கிறது என்பது வகுப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. குரங்கு அப்போது மறுமொழியாக ஒரு கதையையே சொல்கிறது: உறவினர்கள் மேல் இருந்த கோபத்தில் பாம்பைத் தன் கிணற்றுக்குள் அழைத்து வந்து, கடைசியில் பெற்ற மகனையும் அதற்குப் பறிகொடுத்த கங்கதத்தன் என்ற தவளை அரசனின் கதை. எப்படியோ தப்பி வெளியேறிய அவன், இனி அந்தக் கிணற்றுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறான். அடுத்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.