மாலை ஏழு மணிப் புகை: புகார் எந்தக் கதவுக்குப் போக வேண்டும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன நகரம் எங்களுடையது. தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் யாராவது மட்டை, இலைதழை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் புகை மேலே போக வழியில்லாமல் வீடுகளுக்குள் படியும். இதை நிறுத்த எங்கள் குடியிருப்பாளர் சங்கம் அலுவலகங்களுக்கு நடந்ததில் தெரிந்துகொண்டதை, இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் யாருக்கு எது பொறுப்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். காற்றை அளப்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை, அதாவது ஜாஸ். பந்திங், கிள்ளான், ஷா ஆலம், கோலசிலாங்கூர் போன்ற இடங்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. ஐபியு என்ற காற்று மாசுக் குறியீடு மணிக்கொரு முறை அங்கிருந்துதான் வருகிறது. திறந்தவெளி எரிப்பைத் தடை செய்வது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29A பிரிவு. நகராண்மைக் கழகத்தின் கையில் இருப்பவை வேறு: கடை, பட்டறைகளுக்கான லைசென்ஸ், கட்டுமானத்துக்கான நிபந்தனை, குப்பை லோரி, 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லும் நோட்டீஸ். "கழகம் காற்றை அளக்கவில்லையே" என்று சண்டை போட்டு நாங்கள் பல வாரம் வீணாக்கினோம். அந்த நேரத்தில் லைசென்ஸ் பிரிவையும் குப்பைப் பிரிவையும் பார்த்திருக்கலாம்.

ஐபியு நன்றாக இருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் மூச்சுத் திணறுகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. நிலையம் தூரத்தில் இருப்பது ஒன்று. அதைவிட முக்கியம், நுண்துகளுக்கான குறியீடு கடைசி 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. ஒரு நாளில் 21 மணி நேரம் பிஎம்2.5 என்ற மிக நுண்ணிய துகளின் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம், எரிக்கும் 3 மணி நேரம் மட்டும் 150 என்று வையுங்கள். சராசரி 32-க்கும் குறைவாக வரும். மலேசியத் தரநிலையின் 24 மணி நேர வரம்பு 35. ஆக, மாலை முழுக்க குழந்தைகள் இருமினாலும் கணக்கில் அந்த நாள் வரம்புக்குள் அடங்கிவிடும். "ஐபியு சரியாகத்தானே இருக்கிறது" என்று அதிகாரி சொன்னால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

அதனால் மலிவு விலை சென்சார் ஒன்றை நாங்களே மாட்டினோம். பிளான்டவர் பிஎம்எஸ்5003 வகை: உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்து எண்ணும். ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். நம் ஊர் விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்து அளவை நம்பாதீர்கள். மழை படாத கூரை விளிம்பின் கீழ், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், சமையலறை ஜன்னல், சாமி அறை ஊதுபத்தி, கொசுவர்த்தி மூன்றுக்கும் எட்டாமல் மாட்டுங்கள். எறும்பும் சிலந்தியும் விசிறிக்குள் குடியேறினால் அளவு திடீரென்று பூஜ்யத்தில் நிற்கும். காற்று சுத்தமாகிவிட்டது என்று அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இந்த எண்கள் சட்டப்படி சாட்சியாகாது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரவு 7 முதல் 10 வரை கோடு மேடுகட்டுவதைக் காட்டும். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஏனென்றால் எங்கள் முதல் புகார் "எரிப்பு ஏதும் காணப்படவில்லை" என்று மூடப்பட்டது. சோதனைக்கு வந்தது காலை பத்து மணிக்கு. எரிப்பதோ இருட்டிய பிறகு. வரைபடத்தை இணைத்து, மாலையில் வாருங்கள் என்று எழுதிய பிறகுதான் நேரம் மாறியது.

புகாரை மலாயில் எழுதுங்கள். "ஆசாப்" (புகை) என்று மட்டும் போட்டால் அது எந்தப் பிரிவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. "பெம்பாகாரான் தெர்புகா" (திறந்தவெளி எரிப்பு) என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடத்தின் வரைபடக் குறி, காற்று அடித்த திசை, புகையின் நிறம் இவ்வளவும் வேண்டும். வெள்ளைப் புகை பெரும்பாலும் ஈர இலை. கறுப்பும் நெடியும் என்றால் டயர், ஒயர், பிளாஸ்டிக். ஒரே புகாரைக் கழகத்துக்கும் ஜாஸுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள் (ஜாஸின் கட்டணமில்லா எண் 1-800-88-2727). தீ பரவும் நிலையில் இருந்தால் யோசிக்காமல் 999 அழைத்து பொம்பாவை, அதாவது தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருந்து, மூடப்பட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். புதுப் புகாராகப் போட்டால் பழைய வரலாறு காணாமல் போகும்.

கொளுத்தியவர் யாரென்று தெரியாது என்பது அடுத்த முட்டுக்கட்டை. அதே சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29B பிரிவு நிலத்தின் உரிமையாளரை அல்லது அனுபவிப்பவரைப் பொறுப்பாக்குகிறது. எனவே நில அலுவலகத்தில் லாட் எண்ணை வைத்துத் தேடல் விண்ணப்பம் போட்டு உரிமையாளர் யாரென்று தெரிந்துகொண்டோம். நோட்டீஸ் அவர் பெயருக்குப் போனதும் அந்த நிலத்துக்கு வேலி வந்தது.

அதற்குப் பிறகும் சின்னச் சின்ன எரிப்புகள் நிற்கவில்லை. காரணம் எளியது: வீட்டுக் குப்பையை எடுக்கும் லோரி, வெட்டிப்போட்ட மாமரக் கிளையையும் பழைய மெத்தையையும் எடுப்பதில்லை. கொளுத்துகிறவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திடக்கழிவு பற்றிய 2007-ஆம் ஆண்டின் 672-ஆம் சட்டத்தை சிலாங்கூர் ஏற்கவில்லை, அதனால் இங்கே குப்பை உள்ளாட்சியின் பொறுப்பாகவே இருக்கிறது. எங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினரிடம் சென்சார் வரைபடத்தையும் லோரி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். கிளைகளுக்கென்று மாதத்தில் ஒரு நாள் தனி லோரி வந்த பிறகு மாலை மேடு பாதியாகத் தணிந்தது. போகிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் கூடுதலாக ஒரு நடை கேட்டு வாங்குங்கள்.

செம்பனை ஆலைப் புகை வேறு கதை. கொதிகலனில் பழத்தின் நார், கொட்டையின் ஓடு இரண்டையும் எரிக்கிறார்கள். நார் ஈரமாக இருந்தாலோ அளவுக்கு மீறிப் போட்டாலோ கரும்புகை கக்கும். அது 2014-ஆம் ஆண்டு தூய காற்று விதிமுறைகளின் கீழ் நேரடியாக ஜாஸ் பார்ப்பது, கழகத்திடம் போய்ப் பயனில்லை. காம்புட் மண் (மக்கிய தாவரம் சேர்ந்த கரி மண்) தீயும் வேறு கதைதான். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வாய்க்காலை அடைத்து நிலத்தடி நீரை உயர்த்தினால்தான் அடங்கும். முதல் புகை தெரிந்த அன்றே பொம்பாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கம் இப்போது மீதி இருப்பது ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் ஓர் இரும்புக்கடை. அதை லைசென்ஸ் பிரிவுக்கு எடுத்துச் சென்றிருக்கிறோம். அந்தப் புகார் எண் இன்னும் திறந்தே இருக்கிறது.