வெள்ளை ப்ரோக்கோலி

தென்கொரியாவின் சுவோனுக்கு நாங்கள் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். சியோலிலிருந்து தெற்கே மெட்ரோவில் ஒரு மணி நேரப் பயணம். மின்னணு நிறுவன வேலைக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் வந்த நம் ஊர்க்காரர்கள் இங்கே நிறைய. என் கணவருக்கு ஆய்வகத்தில் வேலை. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ‘வன்ரூம்’. கட்டில், அடுப்பு, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் அந்த ஒரே அறைக்குள். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் பாதம் கதகதப்பாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் கண்ணில் நீர் வரும், அவ்வளவு குளிர்.

வந்த இரண்டாவது வாரம் ஆசைப்பட்டு உருளைக்கிழங்கு பஜ்ஜி போட்டேன். ஜன்னலைத் திறக்க முடியாததால் எண்ணெய்ப் புகை அறைக்குள்ளேயே நின்றது. கணவரின் குளிர்கால கோட்டில் ஏறிய வாசனை ஒரு வாரம் போகவில்லை. மீதி எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. பெரிய அபார்ட்மெண்டுகளில் அதற்கென்று தனித் தொட்டி உண்டு. எங்களைப் போன்ற சின்னக் கட்டடத்தில் பழைய பேப்பரில் உறிஞ்ச வைத்து, காசு கொடுத்து வாங்கிய குப்பைப் பையில் போட வேண்டும். அன்றோடு பொரிப்பதை நிறுத்தினேன்.

சாப்பாட்டில் அதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து சைவம். ‘கோகி’ என்றால் இறைச்சி என்று கற்றுக்கொண்டு, கடையில் “கோகி வேண்டாம்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களும் அன்பாகத் தலையாட்டி, மாட்டிறைச்சியை எடுத்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பில் கொதித்த டோஃபுவைக் கொண்டுவந்து வைப்பார்கள். சின்னச் சின்ன நெத்திலிக் கருவாட்டை வேகவைத்த தண்ணீர்தான் இங்கே பெரும்பாலான குழம்புக்கு அடித்தளம். கிம்ச்சி என்கிற காய்கறி ஊறுகாயில் உப்பில் ஊறிய குட்டி இறால் இருக்கும். கேட்டால் தெரியும், கேட்காவிட்டால் தெரியாது.

சரி, வீட்டில் சோறு வடித்து கோச்சுஜாங் பிசைந்து சாப்பிடலாம் என்று கடையிலிருந்து ஒரு சிவப்பு ட்யூப் வாங்கி வந்தேன். கோச்சுஜாங் என்பது மிளகாய்த் தூள், பசையரிசி, புளிக்கவைத்த சோயாத் தூள், முளைகட்டிய பார்லி மாவு, உப்பு எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைக்கும் விழுது. இதில் என்ன இருக்கப்போகிறது என்ற தைரியம். நாலு நாள் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் கணவரின் ஆய்வக நண்பர் வந்தவர் ட்யூபைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: இது மாட்டிறைச்சியை வதக்கிக் கலந்த வகை.

அன்று ராத்திரி அழுதேன். யார் மேலும் கோபம் இல்லை. மேலே பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே ஹங்குல் எழுத்துகளை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அடிப்படை எழுத்து 24தான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே கட்டத்தில் உட்காரும் முறை, உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நான் முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட சொல் ‘சோகோகி’, மாட்டிறைச்சி. இரண்டாவது ‘ஹம்யூ’, சேர்ந்துள்ளது. பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டத்தில் ஒவ்வாமைப் பொருள்களைப் போட்டிருப்பார்கள். கோதுமை, சோயா சேர்ந்துள்ளது என்பதோடு அந்தக் கட்டம் முடிந்தால் எனக்குப் பாதி நிம்மதி. மீதி நிம்மதிக்கு முழுப் பட்டியலையும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கோச்சுஜாங் டப்பாவில் காரத்துக்கு ஐந்து படி குறித்திருப்பார்கள் என்பதும் அப்படிப் படித்துத் தெரிந்ததுதான். நான் நான்காம் படியை எடுப்பேன்.

எங்கள் வீட்டுக்காரப் பாட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறார். நான் ‘ஹல்மோனி’ என்பேன். அவர் என்னை ‘சேதேக்’ என்று கூப்பிடுவார், புதுப் பெண்டாட்டி என்று பொருள். படியில் பார்க்கும்போதெல்லாம் “பாப் மொகொஸ்ஸோ?” என்பார். சோறு சாப்பிட்டாயா? நம் ஊரில் வழியில் பார்ப்பவர்கள் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிற அதே கேள்வி, அதே குரல். மொட்டை மாடியில் அவருடைய மண்சாடிகள் வரிசையாக நிற்கும். வெயில் அடித்தால் மூடியைத் திறந்துவைப்பார், மேகம் கூடினால் ஓடிப்போய் மூடுவார். வத்தல் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். கோச்சுஜாங் போலப் புளிக்கவைக்கும் இந்த ‘ஜாங்’ விழுதுகளைப் போடும் கலையை யுனெஸ்கோ 2024இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஹல்மோனியின் சாடியில் விரலை விட்டு ருசி பார்த்த பிறகு, அது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆனால் இந்த ஊர் கோழி ஊர். ஹ்வாசொங் கோட்டையின் தெற்கு வாசலான பல்தால்முன்னுக்குப் பக்கத்தில், ஓடையை ஒட்டி ஒரு தெரு முழுக்கப் பொரித்த கோழிக் கடைகள். கணவரின் ஆய்வகத்தில் என்ன நல்லது நடந்தாலும் அங்கேதான் கூடுவார்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டுக்குக் கோழி வாங்கி வருவார்கள். இங்கே பதார்த்தம் எல்லாம் மேஜை நடுவில் இருக்கும். எல்லாரும் குச்சியால் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் ஓரமாக ஒரு தட்டில் சாலட் வரும். மரியாதையாகத்தான் வைப்பார்கள். ஆனாலும் எல்லார் கையும் நடுவில் சேர்கிற இடத்தில் என் கை மட்டும் போகாது. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அந்த நடுத்தட்டில் நானும் ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நமக்குத்தான் காலிஃபிளவர் இருக்கிறதே! தள்ளுவண்டியில் செக்கச்செவேலென்று பொரித்து, பேப்பர் தட்டில் கறிவேப்பிலை தூவிக் கொடுக்கும் காலிஃபிளவர் சில்லி சாப்பிடாமல் மதுரையில் யார் வளர்ந்திருக்க முடியும்? கோழிக்குப் போடுகிற ‘யாங்ன்யொம்’ மசாலாவை இதற்குப் போட்டால் என்ன? பொரிக்கத்தான் வழியில்லை. இங்கே வாடகை வீடுகளில் ‘அவன்’ அடுப்பு இருப்பது அபூர்வம். அந்த இடத்தை ஏர் ஃப்ரையர்தான் பிடித்திருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுவதிலிருந்து உறைந்த மோமோ சூடாக்குவது வரை எல்லாம் அதில்தான். ஊருக்குத் திரும்பிய ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினோம்.

காலிஃபிளவர் கிடைப்பதும் லேசில்லை. கடையில் ப்ரோக்கோலி மலையாகக் குவிந்திருக்கும். குளிர்காலத்தில் ஜேஜு தீவிலிருந்து காலிஃபிளவர் வரும்போதுதான் விலை கொஞ்சம் இறங்கும். முதல் பூவை வாங்கி வந்து, வழக்கம்போல மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கினேன். புழு ஒன்றும் இல்லை, இருந்தாலும் கை கேட்கவில்லை. இங்கே எல்லாச் சமையலறையிலும் கத்தரிக்கோல் இருக்கும். அதை வைத்துக் காம்பில் வெட்டினால் பூ உதிராமல் அழகாக வருகிறது.

முதல் தடவை பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்துத் தோய்த்துப் போட்டேன். மாவு முழுக்கக் கூடையின் ஓட்டை வழியாக வழிந்து அடித்தட்டில் அடையாகிவிட்டது. கொதிக்கும் எண்ணெயில் மாவு விழுந்த நொடியே இறுகிவிடும். இங்கே மேலே கம்பி சூடாகி, விசிறி அந்தச் சூட்டைச் சுழற்றிவிடுகிறது, அவ்வளவுதான். காற்று மாவைப் பிடித்து நிறுத்தாது. இரண்டாம் தடவை கெட்டியாகக் கரைத்தேன், ஆனால் கோச்சுஜாங்கை முதலிலேயே தடவினேன். அதில் உள்ள சர்க்கரை 10 நிமிடத்தில் கருகி, அறையே கசந்தது.

மூன்றாம் தடவைதான் வழிக்கு வந்தது. முக்கி எடுத்த பூவைத் துணியில் பரப்பி அரைமணி நேரம் ஈரம் போகக் காயவிட வேண்டும். இதை அவசரப்படுத்தினால் மற்ற எதுவும் சரியாக வராது. அரை கப் மைதா, கால் கப் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், உப்பு, மிளகுத் தூள், தட்டிய பூண்டு, குளிர்ந்த தண்ணீர். இட்லி மாவைவிடக் கெட்டியாக, வடை மாவைவிடத் தளர்வாக. ரொட்டித் தூளில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு முன்கூட்டியே பிசறிக்கொள்ள வேண்டும். காய்ந்த தூளை அப்படியே போட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும். பூவை மாவில் தோய்த்து, தூளில் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, 180 டிகிரியில் 12 நிமிடம். வெளியே எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, மறுபடி 200 டிகிரியில் 4 நிமிடம்.

இந்த இரண்டாம் சூடு ஹல்மோனி சொல்லிக் கொடுத்தது. வாசனை பிடித்து மேலே வந்தவர் தட்டில் இருந்ததைக் காட்டி, “இது என்ன, வெள்ளை ப்ரோக்கோலியா?” என்றார். ப்ரோக்கோலியை வேகவைத்துப் புளிப்புக் கோச்சுஜாங்கில் தொட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஒன்றைக் கடித்துவிட்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கோழியை இரண்டு தடவை பொரிப்பார்களாம், அப்போதுதான் மேல் ஓடு மசாலாவைத் தாங்கும்.

மசாலாவும் அவர் கையளவுதான். இங்கே சோற்றுக் கரண்டிதான் அளவு. கோச்சுஜாங் 2 கரண்டி, சோயா சாஸ் 1, தக்காளி கெச்சப் 1, ‘முல்யொத்’ என்கிற தானியப் பாகு 2, நசுக்கிய பூண்டு நிறைய, கொஞ்சம் வினிகர், 2 கரண்டி தண்ணீர். சின்னத் தீயில் கொதிக்கவிட்டால் முதலில் பெரிய குமிழ் வரும், அப்புறம் குமிழெல்லாம் சிறுத்து மினுமினுக்கும். விரலில் ஒட்டினால் போதும், கம்பிப் பதம் வரை விட்டால் மிட்டாயாகிவிடும். அடுப்பை அணைத்து நல்லெண்ணெய் சில துளி. இந்த ஊர் நல்லெண்ணெய் எள்ளை வறுத்து ஆட்டுவது. பழுப்பு நிறம், தூக்கும் வாசனை. சந்தையில் நம் ஊர்ச் செக்கு மாதிரியான கடையில் பழைய பச்சை நிற சோஜு மது பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். இட்லிப் பொடிக்கு நம் எண்ணெய் போலவே தாராளமாக விட்டு, வறுத்த எள் வாசனை தவிர வேறெதுவும் தெரியாமல் போன நாள் உண்டு. இது துளிக்கணக்குச் சரக்கு.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் மசாலாவில் பூவைப் புரட்ட வேண்டும். வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் மேலே. வீடியோ காலில் காட்டினேன். “என்னடி, கலர் பொடி போட்டியா?” என்றார் அம்மா. இல்லம்மா, மிளகாயே இந்த நிறம். ஆனால் நம் காரம் போல முதலில் அடிக்காது. இனிப்பு முன்னால் வந்து, புளித்த வாசனை தொடர்ந்து, விழுங்கின பிறகு காரம் மெதுவாக ஏறும்.

அந்தச் சனிக்கிழமை ஆய்வக நண்பர்கள் கோழியோடு வந்தார்கள். என் தட்டையும் கோழிக்குப் பக்கத்தில், நடுவிலேயே வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. எனக்கென்று வைத்தது என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் எல்லாரிலும் சின்னப் பையன் ஒருவன் ஒன்றை எடுத்தான். கடித்தபோது அந்த ஓடு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்றை எடுத்தான். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எடுத்தார். வெள்ளை முள்ளங்கி ஊறுகாயோடு தட்டு காலியாகக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் குச்சியும் என் குச்சியும் ஒரே தட்டில் முட்டிக்கொண்டன.

ஹல்மோனிக்கு என்று ஒரு டப்பா முன்பே எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் டப்பா என் வாசலில் இருந்தது, காலியாக இல்லை. நம் ஊரிலும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். உள்ளே சதுரமாக வெட்டிய முள்ளங்கிக் கிம்ச்சி. மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பெரிய பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார், நான் படிக்க வேண்டும் என்றே எழுதியது போல. நின்ற இடத்திலேயே எழுத்துக் கூட்டினேன். ‘ஜொத்கல் ஒப்ஸும்’.

இறால், மீன் எதுவும் இல்லை.