டெபியன் சர்வரில் பேம்: அந்த ஒரு வரியை எங்கே வைப்பது?

எங்கள் டீமின் டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் ஒன்று நேராக இணையத்தில் நிற்கிறது. லாகைத் திறந்தால் போதும், ரூட், அட்மின், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டு யாராவது உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்ஹெச்சுக்கு கீ என்ற சாவிக் கோப்பு மட்டும்தான் வைத்திருந்தோம். ஆனால் கீ இருப்பது லேப்டாப்பில், லேப்டாப்போ பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் சுற்றுகிறது. அதனால் கீயோடு சேர்த்து ஃபோனில் வரும் ஓடிபியையும் கேட்க வைப்பது என்று முடிவாகி, வேலை என் தலையில் விழுந்தது.

ஓடிபியைச் சரிபார்க்கும் கூகுள் அதென்டிகேட்டர் மாட்யூலை நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. டெபியனில் மென்பொருள் நிறுவும் ஏப்ட்டில் ஒரு கட்டளை. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் அதன் கட்டளையை ஓட்டினால் டெர்மினலிலேயே க்யூஆர் கோட் வரும், ஃபோனில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். கூடவே 8 இலக்கத்தில் 5 அவசரக் கோடுகள் கிடைக்கும். ஓடிபி 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. முழுக்க நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் சர்வரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இவ்வளவும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். தலைவலி எல்லாம் பேம் கோப்புகளில்தான்.

பேம், அதாவது ப்ளகபிள் அதென்டிகேஷன் மாட்யூல்ஸ், 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் விபின் சமரும் சார்லி லாயும் முன்வைத்த ஏற்பாடு. லாகின், எஸ்எஸ்ஹெச், சூடோ (ரூட் என்ற முழு அதிகாரக் கணக்காகக் கட்டளை ஓட்ட உதவுவது) என்று ஒவ்வொரு ப்ரோகிராமும் பாஸ்வேர்டைத் தானே சரிபார்க்காமல், அந்தப் பொறுப்பை ஒரு லைப்ரரியிடம் விட்டுவிடும். எந்த மாட்யூலை எந்த வரிசையில் கேட்பது, ஒன்று மறுத்தால் அடுத்ததைக் கேட்பதா வேண்டாமா என்பதெல்லாம் பேம்.டி என்ற டைரக்டரியில் உள்ள கோப்புகளில் வரி வரியாக இருக்கும். லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் இதன் பக்கமே வரவில்லை. அந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அவர்கள் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

கோப்பில் கை வைக்கும் முன் இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல்லாகவே ஒரு செஷனைத் திறந்து வைத்துக்கொண்டேன். சும்மா லாகின் செய்து வைத்திருப்பது போதாது. சூடோவும் பேம் வழியாகத்தான் போகிறது என்பதால், தப்பு நடந்த பிறகு ரூட் ஆக முயன்றால் அதுவும் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, பேம் கோப்பை மாற்றினால் எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. சேவ் செய்த நொடியிலிருந்து அடுத்து வருகிற லாகினுக்கு அது அமலுக்கு வந்துவிடும். வசதிதான், பயமும் அதுதான்.

எஸ்எஸ்ஹெச்டிக்கான (சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் ப்ரோகிராம்) பேம் கோப்பில், ஆளைச் சரிபார்க்கும் ஆத் பகுதியில் கூகுள் மாட்யூலை ரெக்வயர்ட் (கட்டாயம்) என்று சேர்த்துவிட்டுப் புதிதாக லாகின் செய்து பார்த்தால், ஓடிபியே கேட்காமல் உள்ளே விட்டுவிடும். நிறையப் பேர் குழம்பும் இடம் இது. மாட்யூல் மீது குற்றமில்லை. கீ வைத்து வருகிறவரை எஸ்எஸ்ஹெச் தானே சரிபார்த்து முடித்துவிடுகிறது. பேமின் ஆத் வரிகள் ஓடுவதே இல்லை. கணக்கின் நிலையைப் பார்க்கும் அக்கவுண்ட், உள்ளே வந்ததும் ஏற்பாடுகளைச் செய்யும் செஷன் ஆகிய பகுதிகள் மட்டுமே ஓடும். எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் அதென்டிகேஷன்மெத்தட்ஸ் என்ற வரியில் பப்ளிக்கீ, கமா, கீபோர்ட்-இன்டராக்டிவ் (கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை) என்று இரண்டையும் கேட்டால்தான் கீக்குப் பிறகு பேமிடம் விஷயம் போகும். டெபியனின் கான்ஃபிக்கில் கீபோர்ட்-இன்டராக்டிவ் 'நோ' என்றே வருகிறது, அதையும் 'எஸ்' ஆக்க வேண்டும். அங்கே ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதுதான் செல்லும். க்ளவுட் இமேஜ்களில் (க்ளவுடில் தயாராகக் கிடைக்கும் டெபியன்) தனி டைரக்டரியில் ஒரு சின்னக் கோப்பு ஒளிந்திருந்து, நாம் கீழே எழுதியதைச் செல்லாக்காசாக்கிவிடும்.

இதை முடித்தால் அடுத்த காட்சி: கீ போகிறது, பிறகு யுனிக்ஸ் பாஸ்வேர்டைக் கேட்கிறது, அதற்கப்புறம்தான் ஓடிபி. எங்களுக்கு நடுவில் பாஸ்வேர்ட் தேவையில்லை. எஸ்எஸ்ஹெச்டியின் பேம் கோப்பில், பாஸ்வேர்ட் கேட்கும் பொதுக் கோப்பான காமன்-ஆத்தை இழுத்துக்கொள்ளும் வரியை கமென்ட் ஆக்கியதும் அது போய்விட்டது. சூடோவுக்குத் தனிக் கோப்பு இருப்பதால் அங்கே பாஸ்வேர்ட் பழையபடி தொடர்ந்தது.

எல்லோரும் ஒரே நாளில் ஃபோனில் பதிவு செய்ய மாட்டார்கள். அதற்காக மாட்யூலுக்கு நல்ஓகே என்ற ஆப்ஷன் உண்டு: பதிவு செய்யும்போது உருவாகும் ரகசியக் கோப்பு இல்லாத ஆளை ஓடிபி கேட்காமல் விடு என்று பொருள். அதைப் போட்ட பிறகும் பதிவு செய்யாதவர்கள் உள்ளே வர முடியவில்லை. "அண்ணே, ஓடிபியே கேக்கல, ஆனா பெர்மிஷன் டினைடுன்னு வருது" என்று டீமில் இருக்கும் பையன் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். காரணம் அழகானது. நல்ஓகே இருக்கும்போது மாட்யூல் 'சரி' என்று சொல்வதில்லை, 'என்னைக் கணக்கில் சேர்க்காதே' என்றுதான் சொல்கிறது. காமன்-ஆத்தை எடுத்துவிட்டதால் வேறு யாரும் 'சரி' சொல்ல அங்கே இல்லை. குறைந்தது ஒரு மாட்யூலாவது ஆமோதிக்காமல் பேம் யாரையும் விடாது. கடைசியில், எப்போதும் 'சரி' சொல்லும் பேம்-பெர்மிட் மாட்யூலை ரெக்வயர்டாக ஒரு வரி சேர்த்ததும் விஷயம் தீர்ந்தது. எல்லோரும் பதிவு செய்து முடித்ததும் நல்ஓகேவை நீக்கினேன்.

இரவு பேக்கப் எடுக்கும் கணக்குக்கு ஓடிபி அடிக்க ஆள் கிடையாது. மேட்ச் யூசர் பகுதியில் அந்தப் பெயருக்கு மட்டும் பப்ளிக்கீ போதும் என்று எழுதி, அதைக் கான்ஃபிக்கின் அடியில் வைத்தேன். நடுவில் வைத்தால் அதற்குக் கீழே உள்ள வரிகளும் அந்தக் கணக்குக்கு மட்டும் என்றாகிவிடும்.

அதே கையோடு, சூடோவிலும் கன்சோலிலும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பவர்களைக் கொஞ்ச நேரம் பூட்டி வைக்க ஃபெயில்லாக் மாட்யூலையும் எடுத்தேன். இதே வேலையைச் செய்த பழைய டேலி2 மாட்யூல் இப்போது கிடையாது, லினக்ஸ்-பேம் 1.5.0-லேயே எடுத்துவிட்டார்கள். ஃபெயில்லாக்கை முதலில் ஒரு டெஸ்ட் விஎம்மில் (மெய்நிகர் கணினி) வைத்துப் பார்த்தேன். டெபியனின் காமன்-ஆத்தில் மூன்று வரிகள்தான் முக்கியம். முதலாவது பேம்-யுனிக்ஸ், அதன் முன் 'சக்சஸ்=1' என்று இருக்கும். இரண்டாவது பேம்-டினை, எல்லோரையும் மறுப்பது. மூன்றாவது பேம்-பெர்மிட். பாஸ்வேர்ட் சரியானால் ஒரு வரியைத் தாண்டு என்பதுதான் அந்த 1. டினையைத் தாண்டிப் பெர்மிட்டில் போய் இறங்கும்.

இப்போது யுனிக்ஸுக்கும் டினைக்கும் நடுவில், தவறிய முயற்சியைக் குறித்துக்கொள்ளும் ஃபெயில்லாக்கின் ஆத்ஃபெயில் வரியை நுழைத்தால் என்ன ஆகும்? சரியான பாஸ்வேர்ட் அடித்தவர் புது வரியைத் தாண்டி, நேராக டினையின் மடியில் விழுவார். சரியாக அடித்தாலும் உள்ளே விடாது, தப்பாக அடித்தாலும் விடாது. 1-ஐ 2 ஆக்க வேண்டும். கையால் எண்ணி மாற்றலாம்தான், ஆனால் டெபியனில் பேம்-ஆத்-அப்டேட் என்ற கருவி இருக்கிறது. பேம்-கான்ஃபிக்ஸ் டைரக்டரியில் ப்ரொஃபைல் எழுதி, 'சக்சஸ்=எண்ட்' என்று குறிப்பிட்டால் எத்தனை வரி தாண்ட வேண்டும் என்பதை அதுவே எண்ணிப் போட்டுக்கொள்கிறது. காமன் கோப்புகளைக் கையால் திருத்தினால், பிறகு அந்தக் கருவி அவற்றைத் தொடவே தயங்கும். அதனால் ப்ரொஃபைல் வழியிலேயே போனேன்: ஏற்கெனவே பூட்டப்பட்டவரா என்று பார்க்கும் ப்ரீஆத் வரி எல்லாவற்றுக்கும் முன்னால், ஆத்ஃபெயில் யுனிக்ஸுக்குப் பின்னால், எண்ணிக்கையை அழிக்க அக்கவுண்ட் பகுதியில் ஒரு வரி.

ஃபெயில்லாக்கின் இயல்பு அமைப்பில் 15 நிமிடத்துக்குள் மூன்று முறை தவறினால் 10 நிமிடம் பூட்டு. மூன்று என்பது நம் ஆட்களுக்குக் கஞ்சத்தனம், 5 ஆக்கினேன். ரூட்டை அது தானாகப் பூட்டாது, அதை அப்படியே விட்டுவிட்டேன். எஸ்எஸ்ஹெச் பக்கம் இந்தப் பூட்டு இல்லை, ஏனென்றால் அங்கே காமன்-ஆத்தே இல்லை. அதுவும் நல்லதே. வெளியிலிருந்து யாரோ பெயரை ஊகித்துத் தப்புத் தப்பாக அடித்து நம் ஆளைப் பூட்டிவைக்க முடியாது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், ஃபெயில்லாக் கட்டளையில் பெயரைக் கொடுத்து ரீசெட் செய்தால் உடனே திறந்துவிடுகிறது.