வேலையை விடப்போகிறேன் என்று சொன்ன பிறகு

மார்ச் 3

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, பழைய காகித ஆவணங்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் படிப்பில் சேரப்போகிறேன் என்று. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அதற்கான பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "நாளைக்கே இந்த நாடு நம்மைப் போகச் சொன்னால், இந்தத் தொழிலை வைத்து இன்னொரு நாட்டில் பிழைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாதான் பொரிந்து தள்ளினாள். "கிழிந்த பேப்பரை ஒட்டுவதற்கா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம்?"

மார்ச் 8

குடியேறிய பெற்றோருக்கு மருத்துவமும் பொறியியலும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்று கேலி பேசுவது சுலபம். நானும் நிறையப் பேசியிருக்கிறேன். ஆனால் அவர்களையே அப்படிச் சலித்துத்தானே எடுத்தார்கள்? 1965-இல் அமெரிக்கா குடியேற்றத்துக்கான நாடுவாரி ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது, உறவினர்களுக்கும் தொழில்திறன் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது. 1967-இல் கனடா கல்வி, வயது, மொழி, தொழில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்தது. சான்றிதழைக் காட்டி உள்ளே வந்தவர்கள், பிள்ளைகளிடமும் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

அப்பாவின் கதையில் இன்னொரு கொடுமையும் உண்டு. அவருடைய கட்டுமானப் பொறியியல் பட்டத்தைப் பார்த்துத்தான் விசா கொடுத்தார்கள். வந்து இறங்கியபின், அந்தப் பட்டம் மட்டும் போதாது, உரிமம் வேண்டும், மறுபடி தேர்வு எழுது என்றார்கள். எழுதுவதற்குள் நானும் தம்பியும் பிறந்துவிட்டோம். அவர் கிடங்கில் இரவு வேலைக்குப் போனார். இத்தனைக்கும் பிறகு, பட்டத்தை நம்பாதே என்று அவர் சொல்லவில்லை. எல்லை தாண்டினாலும் செல்லுபடியாகும் பட்டமாகப் பார்த்து வாங்கு என்கிறார். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. ஆனால் இரவு வேலை பார்த்தது நான் இல்லை.

மார்ச் 14

பயிற்சிப் பட்டறையில் ஒரு கடிதத்தின் கிழிசலை ஒட்டினேன். முசுக்கட்டை மர நாரில் செய்த ஜப்பானியத் தாளைக் கத்தியால் வெட்டக் கூடாது. ஈரக் கோடு போட்டுக் கையால் பிரிக்க வேண்டும். அப்போதுதான் விளிம்பில் நார்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய தாளோடு சேரும்போது மேடு தட்டாது. கோதுமை மாப்பசையைத் தூரிகை நுனியில் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தடவ வேண்டும். பிற்பகல் முழுவதும் விரல் நீளக் கிழிசல் ஒன்றுதான். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் எனக்கு இப்படி நேர்ந்ததே கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா காதில் வாங்கவில்லை. அப்பா, "ஏன் மாப்பசை? பசை டேப் போதாதா?" என்றார். டேப்பின் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மாப்பசையை எப்போது வேண்டுமானாலும் ஈரம் காட்டிப் பிரித்தெடுக்கலாம் என்றேன். அப்படியானால் மை ஈரத்தில் பரவாதா என்று அடுத்த கேள்வி. இரும்புச் சத்து கலந்த பழைய மையாக இருந்தால் அந்த ஆபத்து உண்டு, அதற்கு வேறு வழி என்றேன். அந்த வேறு வழியையும் கேட்டார். சாப்பாடு ஆறிப்போனது. பொறியாளர் எங்கேயும் போய்விடவில்லை.

மார்ச் 22

தம்பி எனக்காக வாதாட வந்து காரியத்தைக் கெடுத்தான். வெங்கி ராமகிருஷ்ணனை இழுத்தான்: சிதம்பரத்தில் பிறந்தவர், 1976-இல் அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, உயிரியல் படிக்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தவர், 2009-இல் வேதியியல் நோபல்.

அப்பா நிதானமாகச் சொன்னார்: "நோபல் வாங்கியவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். துறை மாறி ஒன்றுமில்லாமல் போனவனைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதியது?"

இந்த இடத்தில் நான் அப்பா கட்சி. மனத்துக்குப் பிடித்ததைச் செய், பணம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் வீட்டுக் கடன் தவணையைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அந்தத் தவணையில் பாதி என் சம்பளம். அம்மாவின் கோபத்துக்கு அடியில் இருப்பதும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மானம், மரியாதை, சொந்தக்காரர்கள் என்று அவள் அடுக்குவதெல்லாம் பணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு. மகளிடம் எந்தத் தாய்தான் கேட்பாள்?

ஏப்ரல் 2

கணக்கு எழுதிக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தேன். வேலையை முழுதாக விடப்போவதில்லை. நிறுவனம் பகுதிநேரத்துக்குச் சம்மதித்திருக்கிறது. படிப்பு இழுத்துக்கொண்டு போகும், போகட்டும். தவணையில் என் பங்கு குறையும்; குறைகிற தொகையைச் சேமிப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன். அப்பா சிவப்புப் பேனாவை எடுத்து, வட்டி உயர்ந்தால் என்ன ஆகும் என்று ஓரத்தில் எழுதினார். பிறகு, இந்தத் துறையில் வருடத்துக்கு எத்தனை இடம் காலியாகிறது என்று நான் விசாரித்து வரவேண்டுமாம். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சித்தப்பாவிடம் அம்மா, நான் ஆவணக் காப்பகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறுவதாகச் சொல்லியிருக்கிறாள். திருத்தப் போனேன். "முதலில் அங்கே வேலை கிடைக்கட்டும், அப்புறம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்கிறாள்.

கட்டணத்தின் முதல் தவணையை 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும்.