ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் கால் பிடித்துக்கொண்டே இருந்தது

14 மாதத்தில் நான்கு தடவை. நான்கும் வலது தொடையின் பின்சதை. 400 மீட்டர் ஓடுகிறவனுக்கு ஹேம்ஸ்ட்ரிங் பிடிப்பது அதிசயமில்லை. பிடித்த இடத்திலேயே மறுபடி பிடிப்பதும் வழக்கம்தான். ஆனால் மூன்றாவது தடவை பாதி வேகத்தில், வார்ம்-அப்பிலேயே பிடித்தது. அங்கேதான் அலைச்சல் ஆரம்பித்தது.

சுளுக்கு வழித்தது, எண்ணெய்க் கட்டு, கொப்புடையம்மனுக்கு அப்பத்தா வேண்டிக்கொண்டது எல்லாம் நடந்தன. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி கொஞ்சம் குறைவு, மாத்திரை கொடுத்தார்கள். மதுரையில் எடுத்த எம்ஆர்ஐயில் பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த எம்ஆர்ஐ கதையைச் சொல்லியே ஆகவேண்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரைக்குடி டாக்டர், "பிலிம் எங்கே?" என்றார். நொண்டிக்கொண்டே மறுபடி பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "பில் இல்லாம தர முடியாது" என்றார். பில் அப்பாவின் சட்டைப் பையோடு துவைபட்டு வெள்ளை உருண்டையாகி இருந்தது. கடைசியில் போனில் வந்த பழைய மெசேஜில் பேஷண்ட் நம்பர் கிடைத்ததால் தப்பித்தேன். பில்லைக் கையில் வாங்கியதும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிலிமோ சிடியோ வாங்காமல் படி இறங்காதீர்கள்.

நான்காவது தடவை பிடித்தபோது வேறொரு பிசியோ அக்காவிடம் போனேன். அவர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "பிடிச்ச தேதியெல்லாம் சொல்லு தம்பி. அந்த வாரம் வீட்ல என்ன நடந்துச்சு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. நடிக்கிறேன் என்கிறாரா? வீட்டுக்கு வந்து, கோபத்தோடுதான் ஒரு நோட்டில் எழுதினேன். என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நானும் தங்கச்சியும் அந்த வீட்டுப் பின்கட்டில்தான் வளர்ந்தோம். முதல் பிடிப்பு, வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து வந்து சொன்ன வாரம். இரண்டாவது, முகப்பில் இருந்த பர்மா தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றிய மறுநாள். மூன்றாவது, நாங்கள் காரைக்குடிக்குச் சாமான் கட்டிய வாரம், மாவட்ட அணிக்கான ஓட்டத் தேர்வும் அதே வாரம். நான்காவதுக்கு ஒரு காரணமும் பொருந்தவில்லை. அன்றைக்கு வார்ம்-அப் செய்யாமல் ஓடினேன், அவ்வளவுதான். அதையும் மறைக்காமல் எழுதினேன்.

நோட்டைப் பார்த்த அக்கா, "நீ நடிக்கிறேன்னு நான் சொல்லலை. கிழிஞ்சது நிஜச் சதை" என்றார். மன அழுத்தம் இருக்கும்போது சதை இறுகும், கவனம் சிதறும், தூக்கம் கெடும், புண் ஆறுவதும் தாமதமாகும். ஆண்டர்சன், வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வீட்டுக் கவலை, பழைய காயம், சுபாவம் எல்லாம் சேர்ந்து அடிபடும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது அவர்கள் கணக்கு. மனநல டாக்டருக்கு அக்கா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தோடு போனால் டாக்டர் இல்லை. வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அந்த வாரம் முகாமுக்குப் போய்விட்டார். முதல் நாள் போனில் கேட்டபோது "வாங்க வாங்க" என்றவர்கள் இதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனால், ஓபி சீட்டுப் போடுகிறவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "மனநலமா? யாருக்கு, உனக்கா?" என்றார். எனக்குப் பின்னால் நின்றது எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். சீட்டை வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன், ஆனால் கால் ஓடும் நிலையில் இல்லை.

உள்ளே நடந்ததெல்லாம் சுலபம். 17 கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். அசைந்தால் அடிபடுமோ என்ற பயத்தை அளக்கிறதாம். 37-க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று அர்த்தம், எனக்கு 46. வளைவில் திரும்பும்போது வலது காலை நான் பாதிதான் ஊன்றுகிறேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது. மாத்திரை எதுவும் இல்லை. மூச்சுப் பயிற்சி, இரவு பத்தரைக்குப் படுக்கை, வேகத்தை வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றுவது, தொடைக்கான பயிற்சியை விடாமல் செய்வது. மனசை மட்டும் பார்த்தாலும் போதாது, சதைக்குப் பலம் வேண்டும் என்று டாக்டர், பிசியோ அக்கா இரண்டு பேருமே கண்டித்துச் சொன்னார்கள்.

ஸ்கேனுக்கு முன்னாலேயே "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் காலைக் காட்டுங்கள். ஓபி வரிசைக்குக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது ஐந்து மாதமாகப் பிடிக்கவில்லை. போன வாரம் முழு 400 ஓடினேன், நேரம் படுமோசம். அன்று ராத்திரி அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த நம்பர் என்னப்பா, 144-ன்னு ஆரம்பிக்குமே?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் போனில் பதிந்து கொடுத்தேன்.