பிராட்டா, இட்லி, ஒரு சொட்டு ரத்தம்

கறி பஃப்பில் இரண்டு கடிதான் கடித்திருந்தேன். சிங்கப்பூரின் தெம்பனிஸ் பேருந்து முனையம், மாலை ஆறு மணி, எனக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளின் நீண்ட வரிசை. மருத்துவமனையிலிருந்து போன். பேசிய தாதி தமிழ்ப் பெண். "அக்கா, சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு. ஒரு மணி நேர ரீடிங் மட்டும் கூட இருக்கு. டயட்டீஷியனைப் பார்க்க ஒரு நாள் போடட்டுமா?" அவர் குரலில் பதற்றமே இல்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவர். நான்தான் திருட்டுச் சாமானை மறைப்பதுபோலக் கறி பஃப்பைத் தாளோடு சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தேன். இரண்டு நாள் கழித்து எம்ஆர்டி ரயில் நிலைய வாயிலில் பயண அட்டையை எடுத்தபோது அதில் எண்ணெய். அப்போதுதான் அது உள்ளேயே கிடப்பது ஞாபகம் வந்தது.

இருபத்தாறாவது வாரம். முதல் குழந்தை.

முதல் மூன்று மாதம் நான் சாப்பிட்டதை வரிசையாகச் சொன்னால் என் அம்மா இன்னொரு தடவை அழுவார். சோறு வேகும் வாசனையே ஆகாது. தாளிக்கும் வாசனை வந்தால் குளியலறைக்கு ஓட்டம். வயிற்றில் நின்றது உருளைக்கிழங்கு சிப்ஸ், எலுமிச்சை பிழிந்த சோடா, ராத்திரி பதினொரு மணிக்கு மேகி. மருத்துவரிடம் குற்றவாளிபோலச் சொன்னேன். "இப்போதைக்கு எது உள்ளே தங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாதீர்கள்" என்றார். மேகிக்கு ஒரே ஒரு யோசனை சொன்னார்: மசாலாப் பொட்டலத்தில் பாதிதான், ஒரு முட்டையை முழுசாக வேகவைத்துச் சேர்க்க வேண்டும். உப்பு அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

நான் பயந்துகொண்டிருந்த விஷயங்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நான் பயப்படாத ஒன்றைத்தான் பிடித்தார். காலையில் கோப்பிக் கடையில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய டோஸ்ட்டோடு அரைவேக்காட்டு முட்டை சாப்பிடுவது என் பத்து வருட வழக்கம். "அது வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாக இருக்க வேண்டும். பச்சை மீனும் வேண்டாம்" என்றார். நோய்க்கிருமி வயிற்றுப் பிள்ளை வரை போகுமாம். கோப்பியில் கஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இங்குள்ள கோப்பியின் கனத்துக்கு நான் ஒரு குவளையோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலாம் மாதம் வாந்தி நின்றது, பசி வந்தது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. "ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்டி" என்று மன்னார்குடியிலிருந்து அம்மா வீடியோ காலில் ஊற்றிய எண்ணெயில் அது கொழுந்துவிட்டு எரிந்தது. வெள்ளிக்கிழமை இரவு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள பிராட்டா (நம்மூர்ப் பரோட்டா மாதிரி) கடை. கடைத் தம்பி என்னைக் கண்டாலே மாவை வீச ஆரம்பித்துவிடுவார். "ரெண்டு கோசோங், ஒரு முட்டை, வழக்கம்போலதானேக்கா?" வழக்கம்போலதான். கோசோங் என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராட்டா. கூடவே ஒரு தே தாரிக், இனிப்பான பால் டீ.

இனி அந்தப் பரிசோதனை. இங்கே இருபத்து நான்கு முதல் இருபத்தெட்டு வாரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். காலையில் வெறும் வயிற்றில் முதல் ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த பானம், ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம், இரண்டு மணி நேரத்தில் மூன்றாவது. நடுவில் சாப்பிடக் கூடாது, சும்மா உலாத்தவும் கூடாது, உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு அதை இரண்டு தடவை செய்யும் பாக்கியம் கிடைத்தது. முதல் தடவை ஆரஞ்சு வாசனைப் பானம். மூன்றாவது மடக்கிலேயே தொண்டை அடைத்தது. ஜீராவில் ஊறின குலாப் ஜாமூனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜீராவை மட்டும் குடித்துப் பாருங்கள், புரியும். முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மலாய் அக்கா தன் மிட்டாய் டப்பாவைத் திறந்தார், புதினா வாசனை வந்தது, அவ்வளவுதான். குப்பைத் தொட்டி வரை கூடப் போக முடியவில்லை. வாந்தி எடுத்தால் அன்றைய கணக்கு செல்லாது. அடுத்த வாரம் மறுபடி வந்தேன். இந்தத் தடவை தாதி பானத்தை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தார். குடித்ததும் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை இதுதான்: குளிராகக் கேளுங்கள், புதினா அக்காக்களிடமிருந்து தள்ளி உட்காருங்கள்.

என் எண்கள் (இங்கே மில்லிமோல் கணக்கு): வெறும் வயிற்றில் 4.7, ஒரு மணியில் 10.6, இரண்டு மணியில் 8.1. வரம்பு முறையே 5.1, 10.0, 8.5. மூன்றில் ஒன்று எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று குறித்துவிடுவார்கள்.

அன்றிரவு நான் செய்தது ஒரு நீதிமன்ற விசாரணை. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் தின்ற பிராட்டா, தேக்காவில் நின்றுகொண்டே சாப்பிட்ட வடை, அலுவலகத்தில் யாரோ வாங்கித் தந்த பபிள் டீ என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினேன். இவர் பாவம், "எல்லாரும்தானே சாப்பிடுறாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அம்மாவோ நேராகத் தீர்ப்புக்கே போய்விட்டார். "கடைச் சாப்பாடு வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நம்ம வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா இதெல்லாம் வருமா?"

டயட்டீஷியன் இந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மந்தப்படுத்தும். எல்லாக் கர்ப்பிணிக்கும் இது நடக்கும். சிலருக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும், சிலருக்கு முடியாது. தெற்காசிய ரத்தம், குடும்பத்தில் சர்க்கரை, எடை, வயது எல்லாம் இதில் சேரும். "ஒரு பிராட்டா தின்றதால் வந்ததில்லை. ஆனால் இனிமேல் பிராட்டா எப்படித் தின்பது என்று பேசலாம்" என்றார். நான் அழத் தயாராகப் போனவள். இப்படி ஒருவர் பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"குடும்பத்தில் யாருக்காவது?" என்று கேட்டார். அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்கும் இல்லை என்று சொன்னேன். "பார்த்திருக்கிறார்களா?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

ஒரு சின்ன மீட்டர், பட்டைகள், ஊசிகள். வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு ஏழு தடவை விரலைக் குத்த வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 6.6-ஐத் தாண்டக் கூடாது என்று எனக்கு இலக்கு வைத்தார்கள். குத்துவது விரல் நுனியின் நடுவில் அல்ல, ஓரத்தில். அங்கே வலி குறைவு. கையை வெந்நீரில் கழுவினால் ரத்தம் எளிதாக வரும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் ஒருநாள் குத்திவிட்டு 11 என்று பார்த்துப் பதறிப்போய் இவரை அலுவலகத்திலிருந்து அழைத்தேன். கையைக் கழுவிவிட்டுக் குத்தினால் 5.9.

முதல் வாரம் அம்மா சொன்ன பட்டியல்படியே சாப்பிட்டேன். கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கூழ், ஒரு பெரிய டம்ளர். இரண்டு மணி நேரத்தில் 8.3. நம்பவில்லை, இன்னொரு விரலில் குத்தினேன். 8.2. நாலு இட்லி, ஆரஞ்சுச் சாறு: 7.8. கடைச் சாப்பாடே இல்லை, எண்ணெயே இல்லை, எல்லாம் வீட்டில் செய்தது. கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதே வெள்ளிக்கிழமை, வீம்புக்காகவே பிராட்டாக் கடைக்குப் போனேன். ஒரு கோசோங், ஒரு முட்டை, குழம்பு கொஞ்சமாக, தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ). இரண்டு மணி நேரம் கழித்து 6.3! வெற்றிக் களிப்போடு அந்த எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன், டயட்டீஷியனிடம் காட்டத்தான்.

அவர் சிரித்தார். "அடுத்த தடவை மூன்று மணி நேரத்திலும் ஒரு தடவை குத்திப் பாருங்கள்." பார்த்தேன். 7.4. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துமாம். அதனால் சர்க்கரை மெதுவாக, நாம் மீட்டரை மூடி வைத்த பிறகு ஏறுகிறது. இட்லியும் கூழும் ஒளிவுமறைவில்லாத ஆட்கள், உடனே ஏறி நேரில் சண்டை போடுவார்கள். பிராட்டா பின்வாசல் வழியாக வரும் ரகம். என் கைபேசியில் இருந்த வெற்றிப் படத்தை நானே அழித்தேன்.

அதன் பிறகுதான் எனக்கு ஒரு நிதானம் வந்தது. இட்லி இரண்டு, சாம்பாரில் காய் நிறைய, ஒரு வேகவைத்த முட்டை: 6.1. பழத்தைச் சாறாக அல்ல, கடித்து. பிராட்டா இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒன்றே ஒன்று, முட்டை போட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாகத்தான், சாப்பிட்டுவிட்டு மேலே கொறிக்க அல்ல. முடித்ததும் புளோக்கைச் சுற்றி பதினைந்து நிமிட நடை. நடந்தால் எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்ததால் சோம்பல் பட முடியவில்லை. பொரித்த உருளைக்கிழங்கை இவருடைய பொட்டலத்திலிருந்து ஆறு எடுத்துக்கொள்வேன். எண்ணி எடுக்கிறேனா என்று அவர் எண்ணுவார்.

பானங்கள்தான் கடினமாக இருந்தன. இங்கே நியூட்ரி-கிரேட் என்று ஏ முதல் டி வரை முத்திரை உண்டு. 2022 கடைசியில் அடைத்து விற்கும் பானங்களுக்கு வந்தது, 2023 கடைசியில் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும். நூறு மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் டி. பபிள் டீயில் சர்க்கரை கால்பங்கு என்று சொல்லிப் பெருமையாக வாங்கினேன், முத்திரையும் நன்றாகவே இருந்தது. ஆனால் அடியில் கிடக்கும் ஜவ்வரிசி மாதிரி முத்துகள் அந்த முத்திரையில் சேராது, அவை தனிக் கணக்கு. அன்று எனக்கு 7.5. அத்தோடு பபிள் டீக்குக் கும்பிடு.

தீபாவளி முப்பத்திரண்டாவது வாரத்தில் வந்தது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கூட்டத்தில் இடிபடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முறுக்குக் கடைகளைக் கடப்பதற்குள் வாயில் ஊறியது போதும். பண்டிகை நாளன்று ஒரு கை முறுக்கு, பாதி அதிரசம். எண் 6.9. குறிப்பேட்டில் "தீபாவளி" என்று எழுதிவைத்தேன். டயட்டீஷியன் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. அது என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். என்னோடு அதே நாள் வந்த ஒரு பெண் என்னைவிடக் கட்டுப்பாடாகச் சாப்பிட்டார், அவருக்குக் காலை வெறும் வயிற்று எண் இறங்கவே இல்லை, ஊசி போட வேண்டியிருந்தது. பிள்ளை முப்பத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தான், மூன்று கிலோ நூறு கிராம். பிறந்ததும் அவனுக்கும் குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். என் விரல்களைவிட அது எனக்கு அதிகம் வலித்தது.

ஆறு வாரம் தாண்டி மறுபடி அதே குளுக்கோஸ் பானம். இந்தத் தடவை மடியில் தூங்கும் பையன். எண்கள் சாதாரணம். ஆனால் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை வர வாய்ப்பு கூட இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். பிரசவத்துக்காக அம்மா வந்திருந்தார். வந்த மறுநாள் காலை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு நான் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒண்ணு குத்து பாப்போம், எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்று புது ஊசிக்கு விரலை நீட்டினார். 12.4. மீட்டர் கெட்டுவிட்டது என்றார். கையைக் கழுவிவிட்டு வந்தார். 12.1. ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைச் சாப்பாடு சாப்பிடாத மனுஷி.

ஊருக்குப் போய் ஆய்வகத்தில் பார்த்து உறுதியானது, மாத்திரை தொடங்கியிருக்கிறார். இப்போது வீடியோ காலில் பேரனைக் காட்டுவதற்கு முன்னால் எண்ணைச் சொல்லியாக வேண்டும். அங்கே கணக்கு வேறு, மில்லிகிராம். நேற்று 142 என்றார். பதினெட்டால் வகுத்துப் பார்த்தேன், 7.9. "என்னம்மா சாப்பிட்டே?" என்றேன்.

"கூழுதான்" என்றார். "கருப்பட்டி கொஞ்சமாத்தான் போட்டேன்."