டச்பேயில் ஒரு லாப்ரடோர்

இன்று மாலை டச்பே கடற்கரையில், அலைக்குள் பாய்ந்து ஒரு தேங்காய் மட்டையைக் கவ்வி வந்த லாப்ரடோர் நாய் ஒன்று, அதை என் நான்கு வயது மகளின் காலடியில் மெல்ல வைத்தது.

அதை வளர்ப்பவர் முன்னங்காலைத் தூக்கி விரலிடைச் சவ்வைக் காட்டினார். ஈரமணல் ஒட்டிய அந்தத் தோலை அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவு மீனவர்களுக்கு வலை இழுக்க உதவிய நாய்களின் வழிவந்த இனம் என்பதால், கடலை அண்டி வாழும் எங்களுக்கு அதன்மேல் பிரியம் பிறப்பது இயல்பே.

மறுகணம் அது மகிழ்ச்சியில் வாலை வீச, மகள் மணலில் விழுந்தாள்.

30 கிலோ எடை, நாள் முழுவதும் ஓடப் பழக்கப்பட்ட உடல், கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களிலும் கழற்ற முடியாத இரட்டை அடுக்கு ரோமம்: இவற்றை எண்ணாமல் குட்டியின் முகத்தை மட்டும் பார்த்து வாங்க முடிவெடுப்பது அந்த உயிருக்கே செய்யும் அநீதி. அதில் பாதி எடையே உள்ள காக்கர் ஸ்பானியல் இன நாய் சிறுவருக்கு ஏற்றதுதான், ஆனால் அதன் தொங்கு காதுகளை வாரந்தோறும் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

எதுவானாலும், தாய் நாயின் சுபாவத்தை நேரில் பார்த்த பிறகே குட்டியை வாங்குவோம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.